எஞ்சின் அறையைப் பார்த்தவன்

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே என்றால் இரண்டு. ஒன்று தரைத்தளத்துக் கடைசி அறையில் நிற்கும் மெஷின். இன்னொன்று அதை இயக்குகிற ஆள். இரண்டில் மெஷினே தேவலை, அது யாரையும் முறைக்காது என்று நர்ஸுகள் சொல்வார்கள். ஆளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நல்ல உயரம், நல்ல கட்டுமஸ்தான உடம்பு, யாரைப் பார்த்தாலும் கெட்ட வாடை அடித்தது போலச் சுருங்கும் மூக்கு.

வேலை நேரத்தில் அவன் மனிதர்களோடு பேசிய பேச்சு மொத்தமே இரண்டுதான். மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க. வயதானவர்கள் பாவம், அவன் சொல்வதற்குள் விட்டுவிடுவார்கள். அப்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவர்களை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், இருமலே நின்றுவிடும். படத்தில் ஏதாவது இருக்கிறதா என்று நடுங்கிக்கொண்டே கேட்டவர்களுக்கு, டாக்டரைக் கேளுங்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒன்றுமில்லாத படத்தைக் கையில் வைத்துக்கொண்டே அப்படிச் சொல்வான். ஒன்றுமில்லை என்று சொன்னால் வாய் வலிக்குமா என்ன? ஆனால் அவன் கணக்கில் எல்லார் உள்ளேயும் இருப்பது அதே கோணல் எலும்பும் அதே தொப்பைக் காற்றும்தான். அதைப் பார்க்கவே சலிப்பு, அதில் விளக்கம் வேறா என்பான்.

பெண் பார்த்த கதையும் அப்படித்தான். அவனுடைய அக்கா ஊரெல்லாம் அலைந்து வரன் கொண்டுவந்தாள். ஒருத்தி வாயைத் திறந்து மூச்சு விடுகிறாள் என்றான். ஒருத்தி சத்தம் போட்டுச் சிரிக்கிறாள். ஒருத்தி சம்பளம் என்ன என்று கேட்டுவிட்டாள், பேராசைக்காரி. இன்னொருத்தி ஒன்றுமே கேட்கவில்லை, மண்டு. கடைசியில் அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தன் வீட்டு மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி அவனுக்குக் கொடுத்தாள். மூன்று வேளையும் கீழே வந்து சாப்பிட்டுவிட்டு மேலே போவான். சாப்பாட்டில் உப்பு கூட என்று சொல்வதற்கு மட்டும் வாய் திறப்பான்.

அந்த வீட்டில் அவனுடைய வெறுப்புக்குத் தினமும் தீனி போட்டவர் அத்தான், அதாவது அக்காவின் புருஷன். கடைத்தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்தார். உருண்டையான மனிதர். மெத்தையின் தரத்தைக் காட்டுகிறேன் என்று வாடிக்கையாளர் முன்னாலேயே படுத்துக் காட்டுவார். சில சமயம் எழுந்திருக்கவே மாட்டார், குறட்டைதான் வரும். மத்தியான நேரத்தில் கடைக்கு வருகிறவர்கள் அவரைத் தட்டி எழுப்பித்தான் விலை கேட்க வேண்டும். தான் சொல்லப்போகிற ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவார், அதனால் ஜோக் என்ன என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரேயின் கண்ணில் அவர் ஒரு மனிதரே அல்ல, கடையில் விற்காமல் தங்கிப்போன சரக்கு.

இப்படிப்பட்டவனுக்கு ஆசை என்று ஒன்று இருந்ததென்றால் அது கடலுக்கு அடியில் இருந்தது. ஊரில் ஒரு ஸ்கூபா கிளப் உண்டு, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் மூழ்குகிறவர்களின் சங்கம். டயர் கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை, காற்று அடைக்கிற ஒரு மெஷின், சுவர் முழுக்க உறுப்பினர்கள் தண்ணீருக்குள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் போட்டோக்கள். கிளப்பின் தலைவர் ஒரு பல் டாக்டர். தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்தான் அவரால் பேசாமல் இருக்க முடியும். அடுத்து இன்சூரன்ஸ்காரரும் அவர் மனைவியும். அந்த இருவரும் கடலில் எதையும் பார்த்ததே இல்லை, ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துத்தான் பழக்கம். மீதிப் பேரும் இதே ரகம்தான். விலை உயர்ந்த கடிகாரம், விலை உயர்ந்த கத்தி, அந்தக் கத்தியால் அதுவரை வெட்டியது படகில் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை. இவர்களை எக்ஸ்ரே வெறுத்ததில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

துறைமுகத்திலிருந்து படகில் போகும் தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடந்தது. சிமெண்ட் ஏற்றி வந்து, எப்போதோ ஒரு புயலில் கவிழ்ந்தது. மூட்டைகளெல்லாம் அப்படியே பாறையாக இறுகிவிட்டன. கிளப் ஆட்கள் அடிக்கடி அங்கே போய், மேல்தளத்தை ஒரு சுற்று சுற்றி, பாய்மரம் போல நீட்டிக்கொண்டிருந்த கம்பத்தைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் வாசலோடு திரும்புகிற கூட்டம் என்பான் எக்ஸ்ரே. கப்பலின் வயிற்றுக்குள் எஞ்சின் அறை இருந்தது. யாரும் அதற்குள் போனதில்லை. உள்ளே போகக்கூடாது, மீறினால் கிளப்பை விட்டு நீக்கம் என்று பல் டாக்டர் விதி போட்டிருந்தார். அவனுக்கோ அந்த அறையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வெளித்தோலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அவன் தொழிலுக்கே கேவலம் என்று நினைத்தான். அந்த ஒரு ஆசைதான் அவனை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த அற்பர்களோடு படகில் உட்கார வைத்தது.

தடையாக இருந்தது ஜோடி. ஜோடி இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது கிளப்பின் தலையாய விதி. இறங்குவது ஜோடியாக, ஏறுவதும் ஜோடியாக. இருவரில் எவருடைய சிலிண்டரில் காற்று முதலில் பாதியாகிறதோ, அப்போதே இருவரும் திரும்ப வேண்டும். எக்ஸ்ரேயோடு ஜோடி சேர்ந்தவர்கள் ஒரு தடவைக்கு மேல் சேரவில்லை. தண்ணீருக்குள்ளேயும் அவன் முறைக்கிறான் என்றார்கள். ஒரு கட்டத்தில் அவனுக்கு ஜோடியே கிடைக்காது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து, யாரும் எதிர்பார்க்காமல், போன வருடம் அத்தான் கிளப்பில் சேர்ந்தார்.

சேர்ந்தவர் சும்மா சேரவில்லை. நீச்சல் குளத்தில் நடந்த தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை பல் டாக்டரே பரிதாபப்பட்டுப் பாஸ் போட்டுவிட்டார். அவர் அளவுக்கு ரப்பர் உடை கடையில் இல்லை, சொல்லித் தைக்க வேண்டியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து எக்ஸ்ரே ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தண்ணீருக்குள் போனால் அத்தான் காற்றைக் குடித்துத் தீர்ப்பார். மற்றவர்களுக்குக் காற்று மீட்டரில் முள் அசையும் முன் அவருக்குப் பாதி காலி. ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே கப்பலின் திறப்பு வரை போவான், அத்தான் தன் மீட்டரைத் தூக்கிக் காட்டுவார், திரும்ப வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வருவான். மேலே வந்ததும் அத்தான், மீன் பார்த்தியா, எவ்வளவு அழகா இருந்துது என்று கேட்பார். அவனுக்கு அந்த ஆளைத் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளிவிடலாம் என்று தோன்றும்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. கப்பலை ஒரு பழைய இரும்புக் காண்டிராக்டர் வாங்கிவிட்டார். வெட்டி எடுக்கப் போகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பயணமே கடைசி. அந்த வாரம் முழுக்க எக்ஸ்ரே ஆஸ்பத்திரியில் யாரையும் முறைக்கக்கூட மறந்துவிட்டான். இந்தத் தடவை விட்டால் ஜென்மத்துக்கும் இல்லை.

ஞாயிறு காலை அக்கா ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். அத்தான் வண்டியில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது தம்பியைத் தனியே கூப்பிட்டாள்.

"அவரைப் பாத்துக்கோடா. தண்ணின்னா அவருக்குப் பயம். வெளிய சொல்ல மாட்டார்."

"பயம்னா மெத்தையிலயே படுத்துக் கிடக்கணும். யார் இவரை வரச் சொன்னது?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போனாள்.

படகில் பல் டாக்டர் பிரசங்கம் செய்தார். மூழ்கிய கப்பல் ஒரு கல்லறை, மரியாதை வேண்டும் என்றார். அந்தக் கப்பலில் யாரும் சாகவில்லை, எல்லோரும் இறங்கி நீந்திக் கரை சேர்ந்தார்கள் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தாலும் இன்சூரன்ஸ்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்தார். எக்ஸ்ரே வாங்கவில்லை.

ஜோடிகளை எண்ணி அனுப்பினார்கள். முன்பெல்லாம் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார்கள், நேரமாகும். இது என்ன பள்ளிக்கூட அட்டெண்டன்ஸா, ஜோடி நம்பரைக் கூப்பிட்டால் ஒருத்தர் பதில் சொன்னால் போதாதா என்று பொதுக்கூட்டத்தில் எடுத்தெறிந்து பேசி அந்த முறையை மாற்ற வைத்தவன் எக்ஸ்ரேதான். அவன் சொன்னதில் கிளப் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். பச்சைத் தண்ணீருக்குள் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மேல்தளத்தில் வழக்கம்போலப் போட்டோ வேலை நடந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே அந்தக் கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் போனான். எஞ்சின் அறைக்கு மேலே கண்ணாடி உடைந்த ஒரு திறப்பு, ஆள் நுழையும் அளவுக்கு. அதன் பக்கத்தில்தான் நங்கூரக் கயிறு இறங்கியிருந்தது. அத்தான் மீட்டரைக் காட்டினார். அதே பாதி.

எக்ஸ்ரே அவரைக் கயிற்றின் பக்கம் தள்ளினான். இங்கேயே பிடித்துக்கொண்டு நில் என்று கையால் காட்டினான். அத்தான் தலையாட்டி மறுத்தார். இரண்டு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினார், ஜோடி என்று. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் விரிந்திருந்தன. எக்ஸ்ரே அவர் கையைப் பிடித்து இழுத்துக் கயிற்றில் வைத்து அழுத்தினான், சொன்ன பேச்சு கேட்காத நாயைக் கட்டிப் போடுகிற மாதிரி. அத்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவன் உள்ளே நுழைந்தான்.

இனி அந்த எஞ்சின் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே போன நிமிடமே அவன் விட்ட மூச்சுக் குமிழிகள் கூரையில் மோதித் துரு உதிர்ந்தது. கால் பட்ட இடமெல்லாம் சேறு கிளம்பியது. டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது பழுப்பு, அதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பழுப்பு. கையை நீட்டினான், ஏதோ ஒரு இரும்பு வழவழவென்று பட்டது. எஞ்சினா, குழாயா, ஏணியா, கடவுளுக்கே வெளிச்சம். வருடக் கணக்காக ஏங்கியது இதற்குத்தானா என்று அவனுக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் விட மனம் வரவில்லை, சேறு படியும் என்று காத்திருந்தான். அது படியவில்லை. வழியைத் தடவித் தடவி வெளியே வந்தான்.

கயிறு இருந்தது. அத்தான் இல்லை.

முதலில் அவனுக்கு வந்தது எரிச்சல். ஒரு இடத்தில் நில் என்றால் நிற்கத் தெரியாதா இந்த மெத்தைக்கு? மேலே பார்த்தான், கீழே பார்த்தான். போட்டோக் கூட்டமும் போய்விட்டிருந்தது. அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. தன்னைத் தேடி அந்த மனிதர் உள்ளே நுழைந்திருந்தால்? அந்தச் சேற்றுக்குள் அவருக்குத் திசை தெரியுமா? திறப்பில் தலையை விட்டு டார்ச் அடித்தான். பழுப்பைத் தவிர ஒன்றுமில்லை. மேல்தளத்தைச் சுற்றினான், மணலில் தேடினான், கப்பலின் அடிப்பக்கம் வரை போனான். அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. அவளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தானே தவிர, அத்தானுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போதும் முழுசாக யோசிக்க முடியவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது. முள் சிவப்புக்கு வந்தது. வேறு வழியில்லாமல் மேலே கிளம்பினான்.

தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியபோது படகு போய்க்கொண்டிருந்தது.

கத்தினான். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கையை ஆட்டினான். படகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. அந்த அற்பர்களில் ஒருவனாவது, அந்த இன்சூரன்ஸ்காரனாவது, அவன் பெண்டாட்டியாவது, திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்று கெஞ்சினான். வாழ்நாளில் அவன் யாரையும் கெஞ்சியது அதுதான் முதல் தடவை, கேட்கத்தான் ஆளில்லை.

படகில் நடந்தது இதுதான். அத்தான் காற்று தீர்ந்து தனியாக மேலே வந்திருந்தார். வந்த கையோடு பல் டாக்டர் ஜோடி எண்ணிக்கை எடுத்தார். மைத்துனன் கீழே எஞ்சின் அறைக்குள் இருக்கிறான் என்று சொன்னால் அவனைக் கிளப்பை விட்டே தூக்கிவிடுவார்கள். அவனுக்கு இன்னும் காற்று இருக்கிறது, இதோ வந்துவிடுவான் என்று அத்தான் நினைத்தார். ரெண்டு பேரும் ஏறியாச்சு என்று சொல்லிவிட்டு, தலை சுற்றியதால் படகில் கட்டியிருந்த கூடாரத் துணிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். வழக்கமாக எண்ணிக்கை முடிந்ததும் அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அன்று பார்த்து, காற்று ஏறுகிறது, கரைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று படகுக்காரர் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, சும்மா ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அத்தான் படுத்தே கிடந்தார். படகு திரும்பி வேகம் எடுத்ததும்தான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து ஓடி, உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு போய், படகுக்காரரின் கையைப் பிடித்துத் தொங்கினாராம்.

படகு திரும்பி வந்தது. எக்ஸ்ரேயைத் தூக்கி மேலே போட்டவரும் அத்தான்தான். அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார், கையைத் தடவிப் பார்த்தார்.

என்ன நடந்தது என்று பல் டாக்டர் கேட்டார். எக்ஸ்ரே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தான் எழுந்து நின்று சொன்னார்.

"தப்பு என்னோடது. காத்து தீந்துபோச்சு, பயந்துட்டு இவன்கிட்ட சொல்லாம மேல வந்துட்டேன். தனியா வந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துது. அதான் ரெண்டு பேரும் வந்தாச்சுன்னுட்டேன். பாவம், கீழ என்னைத் தேடிக்கிட்டு இருந்திருக்கான்."

அப்புறம் கேட்க வேண்டுமா? பல் டாக்டர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். ஓர் உயிர் போயிருக்குமே என்றார். உங்களைப் பாஸ் போட்டதே என் தவறு என்றார். இனிமேல் கிளப் வாசலை மிதிக்க வேண்டாம் என்றார். ஆரஞ்சு வெட்டுகிற கத்திக்காரர்கள்கூட ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

எக்ஸ்ரே சும்மா இருந்தான். இந்த இடத்தில் அவன் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு இருந்திருக்கும், அவனைப் பற்றி இவ்வளவு ஏளனமாகச் சொல்லவும் அவசியம் இருந்திருக்காது. அவன் திறக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர் மனைவி தன் துண்டை அவன் தோளில் போர்த்தினாள். யாரோ சூடாக டீ கொடுத்தார்கள். ஜோடியைத் தேடிக் கடைசி மூச்சு வரை கீழே இருந்த ஆள் என்று பல் டாக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த தடவை என்னோடு வாருங்கள் என்று இன்சூரன்ஸ்காரர் கூப்பிட்டார். அத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், அது அவனுக்குப் பிடித்திருந்தது. எஞ்சின் அறையை அவன் பார்த்தான். ஆனால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் துண்டும் டீயும் கைகுலுக்கலும் போய்விடும்.

வீட்டுக்கு வரும்போது வண்டியை அத்தான் ஓட்டினார்.  பாதி வழியில் எக்ஸ்ரே, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"உங்க தப்புன்னு."

அத்தான் முன்னால் போன லாரியைத் தாண்டினார்.

"முள்ளு சிவப்புக்கு வந்தும் கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். அதுக்கு மேல முடியலடா" என்றார். கியரை மாற்றிக்கொண்டே மேலும் சொன்னார், "போன வருஷமே உன்னை நிறுத்திடறதா இருந்தாங்க. ஜோடியா வர ஆளில்லன்னு டாக்டர் கடைக்கு வந்து சொன்னார். உங்க அக்கா ராத்திரியெல்லாம் தூங்கல. அதான் நான் போய்ச் சேர்ந்தேன். இப்ப இன்சூரன்ஸ்காரர் வரேன்னுட்டார் இல்ல, இனிமே எனக்குக் கவலை இல்ல."

"அதுக்காக உங்களை அவ்வளவு பேர் முன்னாடி..."

"எனக்குக் கடை இருக்கு, உங்க அக்கா இருக்கா. உனக்கு இந்தக் கிளப்பை விட்டா வேற என்னடா இருக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். ஊரில் ஒவ்வொருவரையும் உள்வரைக்கும் பார்த்துவிட்டதாக நினைத்தவனை, அவன் மனிதராகவே மதிக்காத ஒரு மெத்தைக் கடைக்காரர் எப்போதோ உள்வரைக்கும் பார்த்து, பார்த்ததை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். எக்ஸ்ரேவுக்கு முகம் பற்றி எரிந்தது.

வீட்டில் அக்கா தட்டு வைத்தாள். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே, தான் பயந்து ஓடி வந்ததையும், டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் ஒரு ஜோக்காகச் சொன்னார், வழக்கம்போல முதலிலேயே சிரித்துக்கொண்டு. அக்கா சிரிக்கவில்லை.  தம்பியின் பக்கத்தில் வந்து அவன் தலையில் கை வைத்தாள்.

"மன்னிச்சுக்கோடா. இவரை உன்கூட அனுப்பினது என் தப்பு. இவரால உன் உயிரே போயிருக்கும்."

எக்ஸ்ரே நிமிர்ந்தான். எதிரே அத்தான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும்.  சொன்னால் அக்கா அவன் தலையிலிருந்து கையை எடுத்துவிடுவாள் என்று தோன்றியது.

"பரவாயில்லக்கா" என்றான்.

அவள் இன்னொரு முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிட்டான்.